பாதித் தாகம்

திங்கட்கிழமை இரண்டாவது பீரியடில், பதினொன்றாம் வகுப்பு மாணவிகள் முப்பத்தியொரு பேர் பார்த்துக்கொண்டிருக்க, வேதியியல் ஆசிரியை ஜாஸ்பின் ஸ்பிரிட் பாட்டிலை மூக்கருகே வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

விளக்குகளில் ஊற்றத்தான் எடுத்தாள். மொத்தம் பத்து விளக்கு. ஆறாவது வரை கை சரியாகத்தான் இருந்தது. ஏழாவதில் அந்த வாடை தொண்டைக்குள் இறங்கியது. நாக்கு வறண்டது. அதற்குப் பிறகு அவளுக்கு நினைவிருந்தது, முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி அழுகிற குரலில் "மிஸ், அது விஷம் மிஸ்" என்று கத்தியது மட்டும்தான். சுயநினைவு வந்து பார்த்தபோது பாட்டிலின் வாய் அவளுடைய கீழுதட்டில் இருந்தது.

அரை மணி நேரத்தில் தலைமையாசிரியை எமிலியா சிஸ்டரின் அறையில் இருந்தாள். மேசைமேல் ஊதிப் பார்க்கும் கருவி பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது.

"என் வாழ்நாள்ல ஒரு சொட்டு குடிச்சதில்ல சிஸ்டர்."

"தெரியும் டீச்சர்."

"இது என் தம்பியோட தாகம். அவனுக்காகப் பாதி வாங்கியிருக்கேன். என் ஃபைல்லயே இருக்கு."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "யாரோடதா இருந்தா என்ன டீச்சர்? பாட்டில் உங்க உதட்டுல இருந்திருக்கு. ஒரு மடக்கு உள்ள போயிருந்தா கண்ணு போயிருக்கும். சாயங்காலத்துக்குள்ள முப்பத்தியோரு வீட்டுக்கும் சேதி போயிரும். நாளைக்கு கேட்டுல வந்து நிப்பாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

சிஸ்டர் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"லீவு எழுதிக் குடுங்க. அந்தப் பங்கைக் கழற்றிட்டு, குணமாயிட்டீங்கன்னு டாக்டர் சர்டிபிகேட்டோட வாங்க. நான் எடுத்துக்கிறேன்."

பங்கு என்பது தூத்துக்குடியில் மக்கள் வைத்த பெயர். அரசாங்கத் தாள்களில் அது இணைப்புச் சிகிச்சை. மூன்று வருடங்களுக்கு முன் பாளையங்கோட்டை ரோட்டிலிருந்த குடி மீட்பு மையத்தில் டாக்டர் இளம்பரிதி அதை அவளுக்கு விளக்கியிருந்தார்.

"நெல்லு அளவுதான் இருக்கும் மேடம். ரெண்டு பேருக்கும் காதுக்குப் பின்னால வைப்போம். உங்க தம்பிக்குக் குடிக்கணும்னு வெறி கிளம்பும்போது இது அதைக் கண்டுபிடிச்சு, அவர் மூளைல அந்த வெறில பாதிய அமுக்கி, அந்தப் பாதிய உங்க மூளைல எழுப்பும்."

"முழுசா அமுக்கிட வேண்டியதுதான?" என்று கேட்டாள் ஜாஸ்பின்.

"செஞ்சு பாத்தோம். ரெண்டே நாள்ல இரட்டிப்பாத் திரும்பி வந்துச்சு. இன்னொரு மூளை அதைத் தாங்கி, குடிக்காமலே கடந்துபோறப்பதான் அந்தப் பக்கமும் அடங்குது. பயப்படாதீங்க. குடிச்சுப் பழகாதவங்களுக்கு இது வெயில்ல நடந்துட்டு வந்த தாகம் மாதிரிதான். தண்ணி குடிங்க, போயிரும்."

அவளுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. தம்பி டெரன்ஸ் துறைமுகத்தில் கண்டெய்னர் கிரேன் ஓட்டுகிறவன். இருபத்தாறு வயதில் ஒரு நாள் காலையில் படுக்கையிலிருந்து எழ முடியாமல் கிடந்தான். மறுநாளும் அப்படியே. உள்ளே எல்லாம் இருட்டாக இருக்கிறது என்று சொன்னான். அது ஒரு நோய், அதற்கு வைத்தியம் இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. சோம்பேறித்தனம் என்றார்கள். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். வேலை பார்க்கும் இடத்தில் ஒருவன் ஒரு குவளையை நீட்டினான். குடித்ததும் எழுந்து நடந்தான். அதற்குப் பிறகு குவளை இல்லாமல் அவனால் எழ முடியவில்லை.

முப்பத்தெட்டாவது வயதில், கீழே ஆள் விலகுவதற்குள் கண்டெய்னரை இறக்கிவிட்டான். முத்துமாலை என்கிற தொழிலாளிக்கு வலது பாதம் போயிற்று. டெரன்ஸின் லைசென்சைப் பிடுங்கினார்கள். பங்கு வாங்க ஆள் கொண்டுவந்தால்தான் திரும்பக் கிடைக்கும் என்று சட்டம் வந்திருந்தது.

டெரன்ஸின் மனைவி மெர்லின் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "பதினோரு வருசம் முழுசையும் நாந்தான் தூக்கினேன் மைனி, ஒரு மிசினும் இல்லாம. இப்ப பாதிகூட என்னால முடியாது." அந்த வாரமே பிள்ளையோடு நாசரேத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனாள். அவளைக் குறை சொல்ல ஜாஸ்பினுக்கு மனம் வரவில்லை. தானே கையெழுத்துப் போட்டாள். அன்று மையத்தின் கூடத்தில் பன்னிரண்டு ஜோடிகள் உட்கார்ந்திருந்தார்கள். குடியைக் கொடுக்க வந்த பன்னிரண்டு பேரும் ஆண்கள். வாங்க வந்தவர்களில் பதினொரு பேர் பெண்கள்.

முதல் வருடம் டாக்டர் சொன்னபடிதான் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தாகம் வரும். ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் போய்விடும். டெரன்ஸ் கிரேனில் ஏறினான். ஒரு நாள்கூடக் குடிக்கவில்லை. மருத்துவரிடம் காட்டி மன அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்தான். இரண்டாம் வருடம் துறைமுகத்தில் மேடை போட்டு, போதையை வென்ற வீரர் என்று பொன்னாடை போர்த்தினார்கள். ஜாஸ்பின் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். அப்போது மணி நாலே கால். ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்திருந்தாள், தாகம் அடங்கவில்லை.

அதன்பின் தாகத்தோடு வேறொன்றும் வரத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். எதற்கென்று தெரியாமல் கண்ணில் நீர் வரும். பேப்பர் திருத்த எடுத்தால் ஒரே பக்கத்தை நாலு தடவை வாசிப்பாள். கணவன் பிரிட்டோ நல்ல மனிதர்தான். ஆனால் இருமல் மருந்துப் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்துத் தன் மேசையில் வைத்துப் பூட்ட ஆரம்பித்தார். பூட்டுகிற சத்தம் கேட்கக்கூடாது என்று அவர் எடுத்துக்கொண்ட கவனம்தான் அவளுக்கு வலித்தது. தெருவில் இரண்டு பேர் அவளைப் பங்குக்காரி என்றார்கள். மளிகைக்கடைக்காரர் அவள் கையில் மீதிச் சில்லறை கொடுக்கும்போது முகத்தை முகர்ந்து பார்ப்பதுபோல் குனிந்தார்.

டெரன்ஸிடம் அவள் இதில் எதையும் சொல்லவில்லை. தெரிந்தால் உடைந்துபோவான். உடைந்தால் குடிப்பான்.

பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவனுக்குப் போன் செய்தாள். போன ஜூனில் திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு பெண் தாங்க முடியாமல் பங்கைக் கழற்றிவிட்டாள். அவள் கணவனை மூன்றாம் நாள் கடலிலிருந்து எடுத்தார்கள். மொத்தமும் ஒரே நேரத்தில் திரும்பப் போனால் என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரிந்த கதை.

"ஏலே டெரன்ஸ், ஒண்ணு சொல்லுதேன், பதறாத. பங்கைக் கழட்டலாம்னு இருக்கேன்."

மறுமுனையில் கிரேனின் மணியோசை மட்டும் கேட்டது.

"கேக்குதா?"

"அக்கா... உனக்கு இன்னும் வருதா?"

"வராம? நாலு மணி ஆனா உயிர் போயிட்டு வருது. இன்னைக்குப் பள்ளிக்கூடத்துலயே..." மேலே சொல்ல முடியாமல் நிறுத்தினாள்.

கிரேனின் மணியோசை நின்றது. பிறகு, "நாளைக்குப் பன்னெண்டரைக்கு மையத்துக்கு வா. நானும் வாரேன்" என்றான். பயந்துவிட்டான் என்று அவள் நினைத்தாள். ஒரு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு விரலை ஒவ்வொன்றாகத் திறப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

மறுநாள் ஆட்டோவில் போகும்போது வழியில் ஒரு மதுக்கடை வந்தது. பச்சை போர்டு, கம்பி வலை, திறந்ததுமே வரிசை. தான் ஆட்டோக்காரரிடம் நிறுத்தச் சொன்னதே அவளுக்குக் காதில் கேட்கவில்லை. இறங்கி நடந்தாள். வரிசையில் ஏழாவது ஆளாக நின்றாள். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஒதுங்கினார்.

"முன்னால போங்கக்கா. பங்கு வாங்குனவியதான? என் பொண்டாட்டியும் வாங்கியிருக்கா." குற்றவாளியைப்போல அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவளும் இப்பிடித்தான் ஒரு நாள் வந்து நின்னா. நாந்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"அப்புறம் நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க?"

"எனக்கும் பாதி இருக்குல்லா" என்றார் அவர்.

கம்பி வலைக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, "என்ன வேணும்?" என்றது. ஜாஸ்பினின் வாய் திறந்தது. எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்தக் கடையில் கிடைக்கும் ஒன்றின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. அந்தத் தயக்கம்தான் காப்பாற்றியது. பின்னால் நின்றவன் "சீக்கிரம்" என்றதும் விலகி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மையம் வரை நடந்தே போனாள்.

டெரன்ஸ் ஏற்கெனவே டாக்டரின் அறையில் இருந்தான். இளைத்திருந்தான், ஆனால் கண் தெளிவாக இருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான், உட்காரவில்லை.

"டாக்டர், மெதுவாக் கழட்டணும்" என்றாள் ஜாஸ்பின். "ஒரு மாசமானாலும் பரவாயில்ல. இவனை இங்க தங்கவச்சுத்தான் செய்யணும். மொத்தமா இவன் தலைல போடக்கூடாது."

இளம்பரிதி திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு டெரன்ஸைப் பார்த்தார். "நீங்க இவங்ககிட்ட சொல்லவே இல்லையா? சொல்லிட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"எதை?" என்றாள் ஜாஸ்பின்.

"இந்த இணைப்பு ஓடலை மேடம். போன ஏப்ரல் பதினெட்டாம் தேதியே நிறுத்தியாச்சு. ஒன்பது மாசமா உங்களுக்கு இவர்கிட்டயிருந்து எதுவும் வரலை."

அவளுக்கு முதலில் வார்த்தைகள்தான் கேட்டன, பொருள் பிடிபடவில்லை. தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"நாந்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றான் டெரன்ஸ். "போன மார்ச்சுல உன் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு வந்தேம்லா? நீ மேடைக்குப் பக்கத்துல நின்ன. நாலு மணிக்கு எனக்கு உள்ள கிளம்புச்சு. கிளம்புன அதே நிமிசம் உன் மூஞ்சியப் பாத்தேன். பிள்ளைங்க பாடிட்டு இருக்கு, நீ கண்ண மூடிக்கிட்டு நாக்கால உதட்டத் தடவுத. என் மூஞ்சிய உன் கழுத்து மேல வச்ச மாதிரி இருந்துச்சுக்கா. அதுக்கு மேல வேண்டாம்னு தோணிட்டு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா திரும்ப வையின்னுதான் சொல்லுவ. அப்புறம்..." அவன் தரையைப் பார்த்தான். "பொய் சொல்லல, லைசென்ஸ் பயமும் இருந்துச்சு. பங்கு இல்லன்னு தெரிஞ்சா கிரேன்ல ஏத்தமாட்டாவ. மே மாசம் வரைக்கும் சர்டிபிகேட் இருக்கு, அதுவரைக்கும் ஓட்டிரலாம்னு நினைச்சேன்."

"ஒன்பது மாசம் முழுசையும் வச்சுக்கிட்டா மேல ஏறுன? கீழ ஆளு நிக்குமேலே!" அவள் கத்தியது வெளிக் கூடம் வரை கேட்டது.

"குடிக்கலக்கா. சத்தியமா ஒரு நாளும் குடிக்கல. செவ்வாயும் வெள்ளியும் பின்னால ஹால்ல கூட்டம் நடக்கு, பங்கு கிடைக்காதவியளுக்கு. அங்க போறேன். ஆனா ஏறுனது தப்புதான். நேத்து நீ போன் பண்ணப்ப மேலதான் இருந்தேன். கையெல்லாம் விறைச்சிட்டு. உனக்கு எப்பவோ சரியாப் போயிருக்கும்னுல்லா நான் நினைச்சிட்டு இருந்தேன். நீயும் ஒண்ணும் சொல்லலயே."

"உனக்கு வருத்தமா இருக்கும்னு சொல்லல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜாஸ்பின் மெல்ல டாக்டரின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நேத்து பள்ளிக்கூடத்துல... அந்தப் பாட்டில்? இப்ப வழியில கடை வாசல்ல நின்னது?"

இளம்பரிதி திரையை அணைத்தார்.

"அது உங்களோடது மேடம். ரெண்டு வருசம் தினம் நாலு மணிக்கு அந்த வெறியை உங்க மூளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கோம். சொல்லிக்கொடுக்கிறதை நிறுத்தின பிறகும் அதுக்கு மறக்கலை. அவரோட மன அழுத்தமும் கொஞ்சம் அது கூடவே வந்திருக்கு. வராதுன்னுதான் நம்பினோம்." அவர் குரல் தாழ்ந்தது. "உங்களோட சேத்து இந்த மையத்துலயே அஞ்சு பேர். ஒருத்தங்களும் குடிச்சதில்லை. மேலிடத்துக்கு எழுதியிருக்கேன். பதில் வரலை."

வாழ்நாளில் ஒரு சொட்டும் குடிக்காத குடிநோயாளி. அவளுக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது. சிரித்தால் நிறுத்த முடியாது என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒன்பது மாதமாக ஒவ்வொரு நாலு மணிக்கும் மனதுக்குள் தம்பியைத் திட்டியிருந்தாள்.

கத்தல் கேட்டு மையத்தின் ஆலோசகர் உள்ளே வந்தாள். பின்னாலேயே ஜாஸ்பினின் மகள் ஆஷ்லின். நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறவள், வெள்ளைச் சீருடையிலேயே வந்திருந்தாள். அம்மாவோடு இருக்கட்டும் என்று பிரிட்டோதான் வரச் சொல்லியிருந்தார். அவரும் கதவருகே நின்றார். டாக்டர் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார்.

ஆலோசகர் பழகிய குரலில் பேசினாள். "மேடம், மனசைத் தளரவிடாதீங்க. இப்ப உங்களுக்கும் நோயாளின்னு தகுதி வந்திருக்கு. நீங்களும் பங்கு கொடுக்கலாம். கொடுத்தா பள்ளிக்கூடத்துக்கு இன்னைக்கே சர்டிபிகேட் தரலாம். குடும்பத்து ஆளா இருக்கணும், பதினெட்டு முடிஞ்சிருக்கணும், இந்தப் பழக்கம் இருக்கக்கூடாது."

"நான் வாங்கிக்கிடுதேன்" என்று முன்னால் வந்தான் டெரன்ஸ்.

"உங்களுக்குத் தகுதி இல்ல சார்."

"எனக்கு இருக்கு" என்றாள் ஆஷ்லின். ஆலோசகரின் கையிலிருந்த தாளை அவளே வாங்கிக்கொண்டாள். "எங்க போடணும்?"

ஜாஸ்பின் பிரிட்டோவைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தாள். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வருடத்தில் அவரும் களைத்துப்போயிருந்தார்.

ஆஷ்லின் பேனாவைத் திறந்தாள். தேதி எழுதினாள். பெயரின் முதல் எழுத்தை எழுதியபோது ஜாஸ்பின் தாளின் மேல் கையை வைத்தாள்.

"கையை எடுங்கம்மா. உங்களுக்கு வேலை வேணும்."

"நேத்து அந்தப் பாட்டில்ல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும் ஆஷ்லின். பதினெட்டு வருசமா அதைத்தான் பாடம் எடுக்கேன். கண்ணு போகும், உயிர் போகும், எல்லாம் தெரியும். தெரிஞ்சும் உதட்டுல வச்சேன். அந்த நேரத்துல நீ எனக்கு ஞாபகம் வரல. அப்பா வரல. ஆண்டவர்கூட வரல. நாளைக்கு வார்டுல உன் கையில ஸ்பிரிட் பஞ்சு இருக்கும், ஊசி இருக்கும், அலமாரிச் சாவி இருக்கும்."

"எனக்கு அப்படி ஆகாது."

"எனக்கும் ஆகாதுன்னுதான் சொன்னாவ."

"மாமாவுக்கு மட்டும் நீங்க வாங்குனீங்க? எனக்கு மட்டும் உங்களுக்குச் செய்ய உரிமை இல்லையா?" ஆஷ்லினின் கண்கள் நிறைந்தன.

"அன்னைக்கு எனக்குத் தெரியாதுல்லா. இப்ப தெரியும். தெரிஞ்சே எப்படிப் பிள்ளைக்குக் குடுப்பேன்?"

ஜாஸ்பின் தாளை இழுத்து, எழுதிய எழுத்தின் மேல் கோடு போட்டு, ஆலோசகரிடம் நீட்டினாள். கோடு கோணலாகப் போயிற்று. ஆஷ்லின் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே போனாள். பிரிட்டோ அவள் பின்னால் ஓடினார். பத்து நாள் அவள் அம்மாவோடு பேசவில்லை. ஜாஸ்பின் அவளைச் சமாதானப்படுத்தவும் முயலவில்லை. பேசாமலிருக்கும் பெண் முழுசாக இருக்கிறாள், அது போதும் என்று இருந்தாள்.

அன்று சாயங்காலமே டெரன்ஸ் துறைமுகத்துக்குப் போய் உண்மையைச் சொல்லி லைசென்சை ஒப்படைத்தான். பொன்னாடை போர்த்தியவர்கள் அவனை உட்காரச் சொல்லவில்லை. இப்போது உப்பு லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலையில் இருக்கிறான். அந்தச் சனிக்கிழமை முத்துமாலையின் வீட்டுக்கும் போனான். அங்கே என்ன நடந்தது என்று அக்காவிடம்கூட அவன் சொல்லவில்லை. மாதம் ஒரு தடவை போகிறான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

ஜாஸ்பினுக்கு மாத்திரைகள் கொடுத்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் பின்னாலிருந்த ஹாலுக்குப் போனாள். முதல் நாள் அவளைத் தவிர எல்லோரும் ஆண்கள். என்ன குடிப்பீங்க என்று ஒருவர் சாதாரணமாகக் கேட்டார். ஒன்றும் குடித்ததில்லை என்றாள். யாரும் சிரிக்கவில்லை, நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஏப்ரலுக்குள் அதேபோல் ஒன்றும் குடிக்காத பெண்கள் ஆறு பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் கணவரைக் கடை வரிசையில் பார்த்திருப்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏழு பேரும் சேர்ந்து சுகாதாரத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். மூன்றாவது நினைவூட்டலுக்குப் பிறகு, இருபது வயதுக்குட்பட்டவர்களுக்குப் பங்கு கொடுப்பதை நிறுத்திவைத்திருப்பதாக ஒரு வரி வந்தது. ஆஷ்லினுக்கு அப்போது வயது இருபத்தொன்று.

ஜூனில் எமிலியா சிஸ்டர் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். ஆய்வகம் இல்லை. ஆறாம் வகுப்புக்கு அறிவியல்.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை கடைசி மணி அடித்து, பிள்ளைகள் போன பின், காலி வகுப்பறையில் அது வந்தது. மாதக்கணக்கில் அவ்வளவு பலமாக வந்ததில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மாடியில் ஆய்வகத்தின் கதவு திறந்திருந்தது, யாரோ கண்ணாடிக் குழாய்களைக் கழுவும் சத்தம் கேட்டது. படிக்கட்டு பன்னிரண்டு அடி தூரத்தில்தான் இருந்தது. ஒரு கையால் மேசையை விடாமல் மறு கையால் போனை எடுத்தாள்.

"டெரன்ஸ்."

"என்னக்கா, வந்துட்டா?"

"ம்."

"எங்க இருக்க?"

"கிளாஸ்ல. மேல லேப் திறந்து கிடக்கு."

"உக்காரு. எந்திரிக்காத. எனக்கும் காலைலயிருந்து சரியில்ல." லாரி ஒன்று அவன் பக்கத்தில் உறுமிக்கொண்டு போயிற்று. யாரோ சீட்டு கேட்டார்கள். இரு வாரேன் என்றான். பிறகு அவன் மூச்சு மட்டும் கேட்டது. அவளுடைய மூச்சு அவனுக்குக் கேட்டிருக்கும். சுவர்க் கடிகாரத்தில் முள் ஐந்து நிமிடம் நகர்ந்தது. பத்து நிமிடம் ஆயிற்று. ஒருவருடையதை மற்றவர் எடுத்துக்கொள்ள வழி இல்லை.

"போயிட்டாக்கா?"

"இன்னும் இல்லடா."

"சரி. இருக்கேன்."